திறக்காமல் போன கூண்டு

ரங்காத்தாளிடம் பேசுகிறவர்கள் அவருக்கு வலப்பக்கமாக வந்து நிற்க வேண்டும். இடது காது கேட்காது. நாற்றுப் பண்ணைக்குப் புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல் இடப்பக்கம் நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் பாட்டுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். கூட வேலை செய்யும் ராமுத்தாய்தான் ஓடிவந்து ஆளை மாற்றி நிறுத்துவார்.

அந்தக் காது போனது மூன்று வருஷத்துக்கு முன்பு, பொங்கல் முடிந்த மறுவாரம்.

ஊத்துக்குளியிலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி, மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு இருபது வயதில் மருமகளாக வந்தவர் ரங்காத்தாள். கணவர் ஆத்தப்பன் குடிக்க மாட்டார். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. "தங்கமான மனுசன், கைதான் நிக்காது" என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கல்யாணமான மூன்றாவது வாரம், ஆத்தப்பனின் சித்தப்பா மகன் மகுடேஸ்வரன் வண்டிச் சாவி கேட்டு வந்தார். ரங்காத்தாள் எடுத்துக் கொடுத்துவிட்டார். தன்னைக் கேட்காமல் கொடுத்ததற்கு அன்றைக்கு ஆத்தப்பன் அடித்த அடியில் கீழுதடு இரண்டாகப் பிளந்தது. அடித்துவிட்டு அதே கையோடு உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டார்.

கை நிற்காதது அவரிடம் மட்டுமல்ல. கரண்டு கம்பி பார்க்க வந்தவரை ஏணியிலிருந்து இழுத்துத் தள்ளியிருக்கிறார். பேருந்தில் சில்லறைத் தகராறில் கண்டக்டரின் மூக்கை உடைத்திருக்கிறார். அப்போது வீட்டில் ஆறு எருமைகள் இருந்தன. பால் வெண்ணெய்க்குப் போகும். கன்று செத்துப்போன ஒரு எருமை மடி சுரக்காமல் பால் வாளியை உதைத்துத் தள்ளியது. ஆத்தப்பன் உலக்கையை எடுத்து அடித்தார். கொம்பு வேரோடு முறிந்து தொங்கும்வரை அடித்தார். எருமை முன்னங்கால்களை மடித்து உட்கார்ந்து, ரத்தம் கண்ணில் வழிய, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் கொட்டகைக்குள் நுழைந்தாலே ஆறும் மூத்திரம் பெய்யும். கறவை பாதியாகக் குறைந்துபோய் எல்லாவற்றையும் விற்றார்கள்.

ரங்காத்தாள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். ஒன்பது வருஷம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து மகள் தேஜஸ்ரீயைப் படிக்க வைத்தார். மகளைத் திருப்பூர் ராயபுரத்தில் கட்டிக் கொடுத்த பிறகுதான் நாற்றுப் பண்ணை ஆரம்பமானது.

யோசனை ஆத்தப்பனுடையது. கம்பெனி முதலாளிகள் ஆளுக்கொரு பண்ணை வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தென்னையும் மாவும் எல்லோரிடமும் இருந்தன. அவர்களுக்கு ரம்புட்டான் வேண்டும், மங்குஸ்தான் வேண்டும், கோகோ வேண்டும். ஆத்தப்பனும் ரங்காத்தாளும் கேரளத்து ஈரக்காற்றில் முளைத்த சின்னக் கன்றுகளைப் பையோடு வாங்கிவந்து ஒரு வருஷம் வளர்த்து விற்றார்கள்.

வெயில் காலத்தில் நிழல்வலை போதுமாக இருந்தது. மார்கழிதான் கொன்றது. நம் ஊர்க் குளிர் மனிதருக்கு ஒரு துண்டு போர்த்தினால் போகிற குளிர். ஆனால் அந்தக் கன்றுகள் அதைக்கூட அறியாதவை. விடியற்காலைப் பனியும், அதன்மேல் வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் பட்டதும் இலை நுனி கறுத்து, கொழுந்து சுருண்டு, மாட்டுப் பொங்கலுக்குள் குச்சி மட்டும் நிற்கும். முதல் வருஷம் முந்நூறு கன்றுகள் அப்படிப் போயின. இரண்டாம் வருஷம் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினார்கள். தாள் தொட்ட இலையெல்லாம் அழுகியது. ஆத்தப்பன் ஒரு பாத்தியை மிதித்தே நாசமாக்கினார். "உன்ர ராசி" என்று ரங்காத்தாளின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

மூன்றாம் வருஷம் ரங்காத்தாள் தன் வழியில் செய்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளை ஃப்ளீஸ் துணியை, உள்பக்கம் பஞ்சுபோல் இருக்குமே அந்தத் துணியை, மூட்டையாக வாங்கிவந்து ஓவர்லாக் போட்டு நீள நீளமான போர்வைகளாகத் தைத்தார். பாத்தியின் இரண்டு பக்கமும் முளைக்கம்பிகளை அடித்து, அவற்றில் குழாயை வில்லாக வளைத்துச் செருகி, இலையைத் தொடாத உயரத்தில் கூண்டுபோலப் போர்வையை விரித்தார். பனியில் துணி நனையாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் தாள். வேர்ச்சூடு போகாமலிருக்கப் பைகளைச் சுற்றித் தேங்காய் நார்க்கழிவு. வரிசைக்கு நடுவே கறுப்புச் சாயம் பூசிய கேன்களில் தண்ணீர். பகலெல்லாம் வெயில் குடித்த தண்ணீர் விடியும்வரை கூண்டுக்குள் கதகதப்பு கொடுக்கும். அந்த வருஷம் ஒரு கன்றுகூடப் போகவில்லை. எல்லோரும் ஆத்தப்பனின் மூளையைப் பாராட்டினார்கள். அவரும் மறுக்கவில்லை.

கூண்டு வேலையில் மூடுவது பெரிதல்ல. சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் வேண்டுமானாலும் மூடலாம். காலை எட்டு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் திறந்தாக வேண்டும். பத்து மணிக்கு மேல் மூடிக் கிடந்தால் உள்ளே கை வைக்க முடியாது. திறக்கிற வேலையை ரங்காத்தாள் யாரிடமும் விட்டதில்லை.

மகுடேஸ்வரனின் இடம் வேலிக்கு அந்தப் பக்கம். எட்டு மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி வைத்திருந்தார். லாரி திரும்ப ஐந்தடி வழி விடச்சொல்லி ஆத்தப்பனிடம் கேட்டு, இரண்டு பேருக்கும் நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. ரங்காத்தாளிடம் மட்டும் பேசுவார். அண்ணன் மனைவியை அங்கே நங்கை என்பார்கள்.

"நங்கையா, வேலியோரம் பார்த்தீனியம் இடுப்பளவு நிக்குதுங்க. களைக்கொல்லி அடிச்சுக்கறேன். காத்து உங்க பக்கம் வராத நேரமாப் பாத்து அடிக்கறனுங்க" என்று அந்தத் திங்கட்கிழமை சொன்னார்.

"அடிச்சுக்கோங்க" என்றார் ரங்காத்தாள். அன்று மத்தியானமே அவர் மருந்தடித்தார்.

செவ்வாய் காலை ஆறரை மணிக்கு, கொமரலிங்கத்துக்குப் போக வேண்டிய கன்றுகளை டெம்போவில் ஏற்றிவிட்டு ஆத்தப்பன் கைகழுவப் போனவர், வேலியோரம் புல் வாடி மஞ்சளாகிக் கிடந்ததைப் பார்த்தார்.

"மருந்து அடிச்சது ஆரு?"

"கொழுந்தனாருங்க. எங்கிட்டச் சொல்லிட்டுத்தானுங்க அடிச்சாரு."

"உங்கிட்டச் சொன்னானா?"

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விரித்த உள்ளங்கை இடது காதோடு சேர்த்து இறங்கியது. ரங்காத்தாளுக்குத் தலைக்குள் தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது; அந்தக் காதில் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான். கீழே விழுந்தவரை விலாவில் இரண்டு முறை உதைத்தார். பிறகு டெம்போ கிளம்பிப் போனது. அது போகிற சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்டது.

எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் வீடு சுற்றியது. வாந்தி எடுத்தார். சமையலறை வாசலில் அப்படியே கிடந்தார்.

ராமுத்தாய் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர். வாரத்தில் மூன்று நாள் பண்ணைக்கு வருவார். ஒன்பதரைக்கு வந்தவர் நேராக வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எக்கா, காதுல ரத்தமா வருதே. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வழுக்கி விழுந்துட்டேன்."

"சரிக்கா, வழுக்கித்தான் விழுந்தீக. இப்ப எந்திரிங்க."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசையில் உட்கார வைத்தார்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறது, விலாவில் ஒரு எலும்பில் விரிசல் என்றார்கள். ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். மணி இரண்டரை இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் வந்து காலில் விழுந்தது. ரங்காத்தாள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ராமு, கூண்டு திறக்கலை."

அவர்கள் வந்து சேர்ந்தபோது மூன்றரை. முதல் தாளைத் தூக்கியதும் வெந்நீர் அண்டாவைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. ஆயிரத்து நானூறு கன்றுகள். கீரையை வேகவைத்துப் பிழிந்ததுபோல இலைகள் தொங்கின. ராமுத்தாய் ஒவ்வொரு பாத்தியாக ஓடி ஓடித் திறந்தார். ரங்காத்தாள் விலாவைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தெளித்தார். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் தெளித்தார். ஐந்து மணிக்குள் இலையோரமெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது.

"எக்கா, எங்கூட வந்துருங்க. அவுக வந்து பாத்தா உங்களைக் கொன்னே போட்டுருவாக."

"நீ போ."

ஆத்தப்பன் வந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாத்திகளுக்கு நடுவே நடந்தார். ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். வேலியோரப் புல்லும் பழுப்பு, கன்றும் பழுப்பு. ரங்காத்தாள் வாசலில் நின்றார். அவர் என்ன நினைக்கிறார் என்பது ரங்காத்தாளுக்கு அந்த நொடியே புரிந்தது.

"மருந்தை அடிச்சுக் கொன்னுபோட்டான்."

"இல்லீங்க..." என்று வாய் வரை வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த சொல் உள்ளேயே போய்விட்டது. சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வேலியைத் தாண்டினார்.

ரங்காத்தாள் பின்னாலேயே ஓடினார். விலா குத்தியதில் வேகமாக ஓட முடியவில்லை. கம்பெனியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மகுடேஸ்வரன் டீ கிளாஸோடு வெளியே வந்தார். அண்ணன் வருவதைப் பார்த்து, நான்கு வருஷத்துக்குப் பிறகு, "வாங்க" என்றார். மண்வெட்டி தலைக்கு இறங்கியது. அவர் வலது கையைத் தூக்கித் தடுத்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு ஒடிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. டீ கிளாஸ் உடையாமல் உருண்டு போனது. அடுத்த அடி முழங்காலில். விழுந்தவரின் தோளில் மூன்றாவது. நான்காவதற்கு ஓங்கும்போது கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பையன்கள் நான்கு பேர் "சோடோ, சோடோ" என்று விடச்சொல்லிக் கத்திக்கொண்டு பாய்ந்து ஆத்தப்பனைத் தரையோடு அமுக்கினார்கள். அமுக்கிய பிறகும் அவர் கால் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது. ஒரு பையனின் விரலைக் கடித்துவிட்டார்.

மகுடேஸ்வரன் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ரங்காத்தாள் வந்து நிற்பதைப் பார்த்தார்.

"நங்கையா, நான் என்ன பண்ணுனனுங்க?"

ரங்காத்தாள் முந்தானையை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டார்.

அன்றே ஆத்தப்பனைப் பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் அடைத்தார்கள். மகுடேஸ்வரனுக்குக் கையில் இரண்டு தகடு, முழங்காலில் ஒன்று. ஆனால் ஊர் அவருக்காக இரங்கவில்லை. பங்காளிகள் கூட்டம் கூட்டமாக வந்து பண்ணையைப் பார்த்தார்கள். வெந்த கன்றுகளின்மேல் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். "பச்சை மண்ணு மாதிரி வளத்த கன்னுகளை மருந்து வெச்சுக் கொன்னிருக்கான், ஆத்தப்பன் அடிச்சதுல என்ன தப்பு" என்றார்கள். "நீ ஒண்ணும் கவலைப்படாத ஆத்தா, நாங்க இருக்கறோம்" என்று ரங்காத்தாளிடம் சொன்னார்கள். அவர் தலைக்கு முக்காடு போட்டுக் காதை மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் பகலில் பங்காளிகளில் ஏழெட்டுப் பேர் போய் மகுடேஸ்வரனின் கம்பெனிமேல் கல்லெறிந்தார்கள். ஜன்னல் கண்ணாடியோடு ஒரு கல் உள்ளே போனது. மெஷினில் உட்கார்ந்திருந்த ஒடிசாக்காரப் பெண்ணின் நெற்றியைப் பிளந்தது. முகமெல்லாம் ரத்தமாக அந்தப் பெண்ணை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதை ரங்காத்தாள் வேலியோரம் நின்று பார்த்தார். எறிந்தவர்களில் ஒருவர் திரும்பும் வழியில் இங்கே நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். ரங்காத்தாள் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தச் சொம்பைக் கிணற்றில் போட்டார்.

பதினோராம் நாள் ராமுத்தாயைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு, மகுடேஸ்வரன் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். மகுடேஸ்வரனின் மனைவி நஞ்சம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"எதுக்கு வந்தீங்க? செத்துட்டாரான்னு பாக்கவா?"

"கன்னு செத்தது மருந்துல இல்லீங்க. நான் கூண்டைத் திறக்கலை. வெந்து போச்சு. எனக்குத் தெரியும். அவரு மம்பட்டி எடுக்கறப்பவே தெரியும்."

நஞ்சம்மாள் கையிலிருந்த ஃப்ளாஸ்க்கால் ரங்காத்தாளின் முகத்தில் அடித்தார். மூடி தெறித்து வெந்நீர் கழுத்தில் வழிந்தது. கொண்டையைப் பிடித்துக் கீழே தள்ளி, செருப்பைக் கழற்றி அடித்தார். ராமுத்தாய் குறுக்கே விழுந்து பாதி அடியைத் தான் வாங்கிக்கொண்டார். ரங்காத்தாள் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. நர்ஸுகள் வந்து பிரித்தார்கள்.

உள்ளேயிருந்து மகுடேஸ்வரன் கூப்பிட்டார். கழுத்தில் கொப்புளம் எழும்ப, ரங்காத்தாள் கட்டிலருகே போய் நின்றார்.

"ஏன் திறக்கலீங்க நங்கையா?"

ரங்காத்தாள் முக்காட்டை விலக்கிப் பஞ்சு அடைத்த காதைக் காட்டினார். மகுடேஸ்வரன் அந்தக் காதையே பார்த்தார். பிறகு, "இதை ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனார். தன் காதுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜைமேல் வைத்தார். அதில் தேதியும் நேரமும் இருந்தன. இன்ஸ்பெக்டர் எழுதச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, பதினொரு நாளா வாயத் திறக்கல?"

"பயமுங்க."

"இப்பப் பயமில்லையா?"

"இப்பவும் இருக்குதுங்க."

அதோடு ஊர் மாறியது. காபி குடித்தவர்கள் யாரும் வரவில்லை. அடுத்த நாள் காலை தண்ணீர்க் குழாய்கள் வெட்டிக் கிடந்தன. தேஜஸ்ரீ போனில் அழுதாள்.

"அப்பாவ நீயே புடிச்சுக் குடுத்துட்டயேம்மா."

"ஆமா கண்ணு."

மறுநாள் மகள் நேரில் வந்து அம்மாவின் காதைப் பார்த்தாள். ராயபுரத்துக்கு வந்துவிடச் சொன்னாள். ரங்காத்தாள் போகவில்லை. பாத்திகளின் ஓரத்தில் நூற்றுப்பத்துக் கன்றுகள் அடித்தண்டிலிருந்து புதிதாகத் துளிர்த்திருந்தன. அவற்றுக்குத் தினமும் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டும்.

ஐம்பத்திரண்டாம் நாள் ஜாமீனில் ஆத்தப்பன் வந்தார். பட்டப்பகல். குளிர் விட்டுப்போயிருந்ததால் ரங்காத்தாள் கூண்டுகளைப் பிரித்து, முளைக்கம்பிகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ராமுத்தாய் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஆத்தப்பன் இளைத்திருந்தார். தாடி நரைத்திருந்தது.

"நீதான் சொன்னயா?"

"ஆமாங்க."

அறை வாய்மேல் விழுந்தது. ரங்காத்தாளின் பல் ஒன்று நாக்குமேல் வந்து கிடந்தது. அவர் அதைத் துப்பினார். ஆத்தப்பன் மறுபடி கையை ஓங்கினார். ரங்காத்தாள் கையிலிருந்த முளைக்கம்பியால் அந்தக் கையில் அடித்தார். ஆத்தப்பன் வலியைவிட ஆச்சரியத்தில்தான் நின்றார். ரங்காத்தாள் மறுபடி அடித்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்த பிறகும் தோளில், முதுகில் அடித்தார். எத்தனை அடி என்று ரங்காத்தாளுக்குத் தெரியாது. ராமுத்தாய் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "போதும்க்கா, செத்துருவாக" என்று கத்திய பிறகுதான் கம்பி கீழே விழுந்தது.

ஆத்தப்பன் தரையில் சுருண்டு கிடந்தார். முனகக்கூட இல்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ரங்காத்தாள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினார். அடித்ததில் ஒரு நிம்மதியும் வரவில்லை என்றும், கொம்பு முறிந்த எருமையின் கண்தான் ஞாபகம் வந்தது என்றும் பிற்பாடு ராமுத்தாயிடம் சொன்னார். வாயைக் கழுவிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆத்தப்பனை ஏற்றித் தானும் கூடப் போனார்.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"டெம்போவுல இருந்து விழுந்துட்டனுங்க" என்றார் ஆத்தப்பன்.

மாவுக்கட்டோடு அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. கொமரலிங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனார். அங்கேதான் ஒரு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரங்காத்தாளோடு பேச்சு இல்லை. மகளோடு உண்டு.

மகுடேஸ்வரனின் வலது கைவிரல்கள் முழுதாக மடங்குவதில்லை. மெஷின்களை ஆறாகக் குறைத்துக்கொண்டு இடது கையால் கணக்கெழுதுகிறார். அவர் கேட்ட ஐந்தடி வழியை ரங்காத்தாள் வேலியைப் பிடுங்கித் தானே விட்டுக்கொடுத்தார். லாரி போகிறது. நஞ்சம்மாள் இன்றுவரை ரங்காத்தாளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நெற்றி பிளந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள். கல்லெறிந்தவர்கள்மேல் யாரும் சாட்சி சொல்லவில்லை. இரண்டு குளிர்காலம் போய் மூன்றாவது நடக்கிறது. ரங்காத்தாள் கூண்டின் இரண்டு முனையிலும் ஒரு சாண் திறப்பு விட்டுத்தான் இப்போது மூடுகிறார். பண்ணைக் கேட்டின் சாவி ஒன்று ராமுத்தாயிடமும் இருக்கிறது.

வழக்கு போன மாசிதான் விசாரணைக்கு வந்தது. ரங்காத்தாள் சாட்சிக் கூண்டேறி நடந்ததைச் சொன்னார். ஆத்தப்பனின் வக்கீல் எழுந்து வந்து இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டார். கேட்கவில்லை என்று சொன்னதும் வலப்பக்கம் வந்தார்.

"அடிபட்ட அப்பாவி மாதிரிப் பேசறீங்க. உங்க வீட்டுக்காரரோட கையை முறிச்சது யாரும்மா? அவரு விழுந்ததா சொல்லிக் காப்பாத்தினாரு, இல்லையா?"

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ரங்காத்தாள் அவரைப் பார்த்து உட்காரச் சொல்வதுபோலக் கையசைத்தார்.

"அவரு விழுகலீங்க. நாந்தான் கம்பியில அடிச்சேன். அதையும் எழுதிக்கோங்க."